தங்கச்சி வண்டிக்கு நான் சொன்ன வைத்தியம்

1

ஷார்ஜாவில் ஜூலை பிறந்தால் எங்கள் கடைக்குத் திருவிழா. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலு வண்டி நிற்கும், நாலுக்குள்ளும் நாலு பேர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கார் ஏசி பார்ப்பது என் தொழில். பதினெட்டு வருசமாக அதே இண்டஸ்ட்ரியல் ஏரியா, அதே சந்து. பானெட்டைத் திறக்காமல் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பார்த்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் அரசாங்கக் கணக்கில் நான் தச்சன். வந்த புதிதில் தச்சருக்கான விசாதான் கிடைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. போன வாரம் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் என் நகத்துக்குள் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, மரவேலை எப்படிப் போகிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நன்றாகப் போகிறது மேடம் என்றேன். வீட்டில் ஒரு ஸ்டூலுக்கு ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிறவன் நான்.

அன்றைக்கு மத்தியானம் கடைக்கு ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்ததும், இனிமேல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். இதற்கு என்னிடம் மனப்பாடமான பதில் ஒன்று உண்டு: கண்டென்சரில் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பதினேழு வருசமாக எல்லாருக்கும் சொன்னதுதான். போன வருசத்திலிருந்து அதைச் சொல்ல முடியவில்லை. அன்றும் வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. சும்மா தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எனக்கு ஒரே தங்கச்சி, பூமயில். உச்சிப்புளிக்கு உள்ளே, எங்கள் ஊரிலேயே கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் ஸ்டியரிங் பிடித்து அரைமணி நேரம் உட்கார முடியவில்லை. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவள் யாரையும் கேட்கவில்லை. நாலு மாதத்தில் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, மஞ்சள் போர்டு வண்டியை அவளே எடுத்துவிட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பொம்பளை வாடகைக்கு ஓட்டுகிறாள் என்று டீக்கடையில் ஒரு மாதம் அதே பேச்சு. பேசியவர்களில் இரண்டு பேர் பிறகு மகள் பிரசவத்துக்கு அவள் வண்டியைத்தான் கூப்பிட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர், பெண்களும் வயசானவர்களுமாக வருகிற குடும்பங்களுக்கு இவளையே அனுப்ப ஆரம்பித்தார். ஸ்டேஷனில் ஏற்றி, கோயில் தீர்த்தங்கள் முடித்து, தனுஷ்கோடி காட்டித் திரும்ப விட வேண்டும். வீட்டில் அடுப்பு எரிவது அந்த லாட்ஜை நம்பித்தான்.

தனுஷ்கோடி ரோடு உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கடல், ரோட்டின் மேலேயே மணல் ஓடும். ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஏசி படுத்துவிட்டது. ஓடும்போது குளிர்கிறது, கூட்டத்தில் நின்றால் அனல் அடிக்கிறது என்று போன் பண்ணினாள். போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். கம்ப்ரசர் டக்கென்று பிடிக்கிறது, ஃபேன் ஓடுகிறது, சத்தத்தில் குறையில்லை. மணல் அடைத்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் சன்னமான அலுமினியத் தகடுகளை அடுக்கி நிற்கிற சல்லடைதான் கண்டென்சர். ஏசியின் சூடு அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதில் மணல் அடைத்தால் சூடு எங்கே போகும்? தினமும் சாயங்காலம் வந்ததும் அதில் தண்ணீரை அடி என்றேன்.

அடித்தாள். மறுநாளே குளிர்ந்தது. அண்ணன் போன்லயே சரி பண்ணிருச்சு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு ஊரில் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் எனக்குப் போன் பண்ணி வைத்தியம் கேட்டார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஒரு வருசம் ஓடியது. அப்புறம் ஏசிக்குள் கேஸ் நிற்கவில்லை. நிரப்பினால் ஒன்றரை மாதம், மறுபடி நிரப்பினால் ஒரு மாதம், மூன்றாவது தடவை மூன்று வாரம். ஒவ்வொரு தடவையும் நான் அவளைத்தான் வைதேன். வெயிலில் போடாதே என்றால் கேட்கிறாயா, கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடு என்றால் போடுகிறாயா, பள்ளத்தில் இறக்கிக் கல்லில் இடித்தாயா என்று கேள்வி மேல் கேள்வி. பொம்பளைக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நினைத்தேன். நினைத்தது குரலில் வந்திருக்கும்.

போன வருசம் ஆனி கடைசியில் லாட்ஜ் மேனேஜர் அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். வடக்கேயிருந்து வந்த ஒரு வயசான அம்மாவுக்கு வண்டியில் மயக்கம் வந்திருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நாலு நாள் பெரிய குடும்பம் ஒன்று வருகிறது, அதற்குள் ஏசி உருப்படியாக இருந்தால் வா, இல்லையென்றால் அமாவாசைக்கு மட்டுமல்ல, இனி எப்போதும் கூப்பிட மாட்டேன் என்றார். இதைச் சொல்லும்போது பூமயில் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3

சீசனில் லீவு கேட்டதற்கு முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரபியும் இந்தியும் மலையாளமும் கலந்து எங்களுக்குள் ஒரு பாஷை உண்டு. அந்தப் பாஷையில் அரைமணி நேரம் மன்றாடி, வெள்ளிக்கிழமைகளில் வந்து ஈடுகட்டுவதாகச் சொல்லிப் பத்து நாள் வாங்கினேன். மனைவிக்கு வேலையில் லீவு இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மகள் ஹரிணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்குப் பதினைந்து வயது. உங்க ஊருக்கு எத்தனை நாள் போறோம்பா என்று கேட்டாள். உங்க ஊர்.

கல்லில் இடித்துக் கண்டென்சர்தான் ஓட்டையாகியிருக்கும் என்ற கணக்கில் புதிதாக ஒன்றை வாங்கி, தகடு வளையாமல் இருக்க அவளுடைய ஜீன்ஸ், துண்டு எல்லாவற்றையும் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மதுரையில் இறங்கியதும் எக்ஸ்ரேயில் அது தெரிந்து ஓரம் கட்டிவிட்டார்கள். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் பதற்றத்தில், காடி கா சாமான் ஹை சாப், ஏசி வாலா என்று இந்தியில் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்கு உசிலம்பட்டிப் பக்கம்தான், தமிழ்லயே சொல்லுங்க என்றார். ஹரிணி தலையில் அடித்துக்கொண்டாள். பழைய வண்டிக்குச் சொந்த உபயோகத்துக்கு என்று இரண்டு தாளில் எழுதிக் கொடுத்த பிறகு விட்டார். மதுரையில் இறங்கித் தமிழ் வராமல் போனது எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

4

வந்த மறுநாள் காலையில் பூமயில் வீட்டில் ஹரிணி குளித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். சோப்பு நுரைக்கவில்லை, தலைமுடி கயிறு மாதிரி இருக்கிறது, தண்ணீர் வாயில் பட்டால் உப்புக் கரிக்கிறது, பல் தேய்க்க பாட்டில் தண்ணீர் வேண்டும் என்று ஒரே புகார். பூமயிலும் மாப்பிள்ளையும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உன் அப்பன் இந்தத் தண்ணியிலதான் வளந்தான், சும்மா குறை சொல்லாத என்று கத்திவிட்டேன்.

அவள் ஒன்றும் பயப்படவில்லை. “உப்பா இருக்குன்னு சொன்னா ஏன்ப்பா கோபப்படுறீங்க? உப்பாதானே இருக்கு” என்று கேட்டாள்.

பூமயில்தான் சமாதானம் பண்ணினாள். சமையல்கட்டிலிருந்து ஒரு சொம்பு காவேரித் தண்ணீர் மொண்டு வந்து, இதில் பல் தேய்த்துக்கொள் என்று கொடுத்தாள். நான் ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் இரண்டாவது டீ வாங்கிக் குடித்தேன். அந்தப் பிள்ளை கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

5

வேலைக்கு இடம் ராமநாதபுரத்தில் சிக்கந்தர் பாயின் ஷெட். பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இந்தக் கடற்கரை வண்டிகள் பாதி அவர் கைக்கு வந்து போனவை. கேஸ் நிரப்பியது வேறு கடை. இவரிடம் மிஷின் எல்லாம் இருந்ததால் நானும் பூமயிலும் வண்டியைக் கொண்டுபோனோம். நீங்க பாருங்க தம்பி, நான் கூட நிக்கிறேன் என்று பாய் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டினேன். இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் கிடந்தன. கேஸ் சுத்தமாக இல்லை. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரையை பைப் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தடவினேன். எதிலும் குமிழி இல்லை. பம்பரைக் கழற்றிக் கண்டென்சரில் தடவியதும் ஒரு இடத்தில் இல்லை, ஐந்தாறு இடத்தில் நுரை பொங்கியது. நுரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தகடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டேன், அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்தது.

கடற்காற்று, வேறென்ன என்றேன். பாய் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இல்ல தம்பி. கடக்காத்து திண்டா எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலத் திங்கும். இது மேல இருந்து கீழ தாரை தாரையா வழிஞ்சிருக்கு பாருங்க. யாரோ உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தியே இதக் கொன்னுருக்காக.”

பூமயில் எனக்கு ஒரு அடி தள்ளித்தான் நின்றாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. “நானாத்தான் பாய் ஊத்துனேன். மணலு போகட்டும்னு” என்றாள்.

பம்பர் ஸ்குரு நாலு என் வாயில் இருந்தது. வேலை செய்யும்போது அப்படிக் கவ்விக்கொள்வது எனக்குப் பழக்கம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். பாய் அவளை வைதார், பிரியமாகத்தான் வைதார். போர்த் தண்ணியப் போயி யாராச்சும் அலுமினியத்துல ஊத்துவாகளா தாயி, ஒரு வார்த்த யாரயாச்சும் கேட்டிருக்கலாம்ல என்றார். அவள் சரி பாய், சரி பாய் என்று கேட்டுக்கொண்டாள்.

அவள் கேட்டிருந்தாள். என்னைத்தான் கேட்டிருந்தாள். முதல் தடவை நான் கழுவச் சொன்னபோது, எந்தத் தண்ணியில அண்ணே என்று போனில் கேட்டாள். தண்ணியில என்ன எந்தத் தண்ணி, பைப்பைத் திறந்து அடி என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மலையாளிப் பையனிடமும் சொல்லிச் சிரித்தேன். நான் பிழைக்கிற ஊரில் கடல்நீரையே உப்பெடுத்துக் குழாயில் விடுகிறார்கள். குடிக்க, குளிக்க, கார் கழுவ எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். எங்கள் ஊரில் வெறும் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. குடிக்கிறது காவேரித் தண்ணீர், தெருக்குழாயில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வருவது. புழங்குவது போர்த் தண்ணீர், ஏனத்தைக் கழுவிக் காயவைத்தால் வெள்ளைத் தடம் விழுகிற தண்ணீர். எந்தத் தண்ணி என்று கேட்காமல் அங்கே யாரும் ஒரு காரியமும் செய்ய மாட்டார்கள். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருக்கிறேன்.

வண்டி ஷெட்டில் நிற்பதைப் பூமயில் சொல்லியிருந்ததால், அந்த நேரம் பார்த்து லாட்ஜ் மேனேஜர் பாய்க்குப் போன் பண்ணினார். கை முழுக்க எண்ணெய், பாய் போனை டூல்ஸ் பெட்டி மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். வண்டி தேறுமா என்று மேனேஜர் கேட்டார். வண்டி தேறிரும் சார், வச்சு ஓட்டுறவுகதான் பக்குவமா வச்சுக்கணும் என்று பாய் உள்ளதைச் சொன்னார். அப்போ நான் வேற வண்டியவே சொல்லிடுறேன் பாய், நமக்கு ரிஸ்க் வேணாம் என்றார். பூமயில் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்குருவைக் கையில் துப்பினேன்.

“சார், நான் அந்தப் பிள்ளையோட அண்ணன் பேசுறேன். ஷார்ஜாவுல ஏசி மெக்கானிக். தண்ணி ஊத்தச் சொன்னது நான். எந்தத் தண்ணின்னு அவ கேட்டா, நாந்தான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். கெடுத்தது நான் சார், அவ இல்ல.”

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் யோசித்துவிட்டு, நாளை மத்தியானம் தன் வீட்டு ஆட்களையே தனுஷ்கோடிக்கு அனுப்புவதாகவும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொல்லிப் போனை வைத்தார். பழைய கண்டென்சரைப் பாயே கழற்றினார், புதியதை நான் மாட்டினேன். ஒரு மணி நேரம் வேக்கம் போட்டு உள்ளே இருந்த காற்றை இழுத்து, முள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் கேஸ் ஏற்றினோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது பூமயில் ஓட்டினாள். நன்றி சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல். உச்சிப்புளி ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியதும் வெடித்தாள்.

“ஏண்ணே சொன்ன? பாய் ஷெட்டுல சொன்னா ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். ஒரு பொம்பள தனியா வண்டி ஓட்டுறேன், எவனாச்சும் எகத்தாளம் பேசுனா எங்கண்ணன் ஷார்ஜாவுல பெரிய மெக்கானிக்குன்னுதான் வாயடைப்பேன். இனிமே என்னத்தச் சொல்ல?”

அவள் என்னைக் காப்பாற்றவில்லை, தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதையும் நான் கெடுத்துவிட்டேனா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட் திறந்தது. அவள் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.

6

முந்திச் சொல்லிவிடுகிறேன், அமாவாசைக்கு நாலு நாளும் அவள் வண்டிதான் ஓடியது. இந்த வருசமும் அந்த லாட்ஜுக்கு அவள்தான் ஓட்டுகிறாள். ஆனால் அந்த மறுநாள் மத்தியானம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நானும் வாரேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினால் மேனேஜர் என்ன நினைப்பார்? மேனேஜரின் அம்மா, மனைவி, பிள்ளைகள் என்று ஐந்து பேர். உச்சி வெயில். நான் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்காருங்கப்பா, எனக்குத் தலை சுத்துது என்றாள் ஹரிணி. அவளை வைததற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். எதுக்கு என்று கேட்டாள். அவள் மறந்தே போயிருந்தாள்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. மேனேஜரின் அம்மா குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏசியைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம். சொல்லும்போது பூமயிலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

அப்புறம் ஊரில் என் வைத்தியத்தைக் கேட்டு நடந்த மற்ற மூன்று கார்க்காரர்கள் வீட்டுக்கும் நேரில் போய், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் காபி கொடுத்தார். ஒருவர் கொடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். கிரில்லில் மணல் அப்பியிருந்தது. போர்த் தண்ணீர்க் குழாயில் சொருகியிருந்த ஹோஸை நானே கழற்றிச் சுருட்டித் தூர வைத்தேன். இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன்.

“இனிமே நல்ல தண்ணியில மட்டும் கழுவு. தினம் வேணாம். வாரத்துக்கு ரெண்டு தடவ, ரெண்டு ரெண்டு குடம் போதும்” என்றேன்.

அவள் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூடி போட்டு ஆறு குடம் வரிசையாக இருந்தது. அடுத்து எப்போது தண்ணீர் வரும் என்று அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“சோறாக்குற தண்ணிண்ணே அது” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “நான் பஞ்சர் கடையில காத்தடிச்சு மணல எடுத்துக்கிறேன். நீ மனசப் போட்டு அலட்டிக்காத.”

அப்படியே நான் கை துடைத்துக்கொண்டிருந்த அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்று, சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“வந்து ஒம்பது நாளாச்சு, இன்னும் நீ வந்து சேரலயேண்ணே” என்றாள்.

மறுநாள் காலை எனக்கு மதுரையில் விமானம்.